கியூ கம்புக்கு ஒரு தோல் உறை

பஞ்சநதம் என்று கேட்டால் ஆலங்கரையில் நாலு பேராவது யோசிப்பார்கள். முறைக்காரர் என்று கேளுங்கள், யாரானாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டு வாசலில் விட்டுவிடுவார்கள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் வாலில் கிடக்கிற ஊர் அது. மேலே இருக்கிற ஊர்களெல்லாம் வயிறாரக் குடித்த பிறகு மிச்சம் மீதி இருந்தால்தான் அந்த வாய்க்காலில் தண்ணீர் வரும். வருகிற தண்ணீரை ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். யாருக்கு எப்போது முறை, எந்த மடையை அடைத்து எந்த மடையைத் திறப்பது, எல்லாம் பஞ்சநதத்தின் தலைக்குள் இருக்கும். முப்பத்தைந்து வருடமாக அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊர் தண்ணீர் பாய்ச்சியது. பங்காளி என்று பார்க்கமாட்டார், மச்சினன் என்று பார்க்கமாட்டார். நேரம் முடிந்ததா, மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

இந்தக் கறார் ஊருக்கு நல்லது. வீட்டுக்கு நல்லதா என்பதை அவர் மனைவி அம்சத்தைத்தான் கேட்க வேண்டும். இந்த நேரத்துக்குச் சோறு, இந்த நேரத்துக்கு மாட்டுக்குத் தண்ணீர் என்று அவளும் பழகிப்போனாள். ஒரே மகன் சூர்யபிரகாஷ் பழகவில்லை. தஞ்சாவூரில் டிப்ளமோ படிக்கப் போனவன், மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மாடியில் பூல் ஆட்டம் பழகினான். பச்சைத் துணி ஒட்டிய மேசையில் வண்ணப் பந்துகளை நீளக் கம்பால் குத்திக் குழிக்குள் தள்ளுகிற ஆட்டம். கம்புக்குக் கியூ என்று பெயர். படிப்பு முடிந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் அந்த மாடியில்தான் கிடந்தான். கோலிக்குண்டு ஆடுவதற்குப் பஸ் ஏறிப் போகிறான் என்று பஞ்சநதம் திட்டுவார். அவன் சிரித்துக்கொண்டே, "யப்பா, ஒரு தடவ வந்து பாரேன்ப்பா. பாத்துட்டு அப்பறமா திட்டு" என்பான். அப்பாவை 'நீ' என்றுதான் சொல்வான். அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அப்படித்தான், அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன்னால் குறுவைப் பயிர் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்ற நேரம். மன்னார்குடியில் ஒரு சாவு, பஞ்சநதம் போயே ஆக வேண்டும். மறுநாள் பகல் மூன்று மணிக்கு நம் முறை, ஒரு மணி இருபது நிமிடம், மடையை விட்டு அசையாதே என்று மகனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் தஞ்சாவூரில் பூல் போட்டியின் கடைசி ஆட்டம். பிள்ளை பக்கத்து வயல்காரரிடம் மடையைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவர் தூங்கிவிட்டார். தண்ணீர் நேராக அடுத்தவர் வயலுக்குப் போனது. திரும்ப முறை வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று, அதற்குள் பாதிக் கதிர் மணி பிடிக்காமல் கருக்காயாகிவிட்டது. நெல் போனதைவிட, ஊருக்கு முறை சொல்கிறவன் வீட்டிலேயே முறை தப்பியது என்று டீக்கடையில் சிரித்தார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

டீக்கடையிலிருந்து நேராக அந்த மாடிக்குப் போனார். முதல் பரிசாக ஒரு புதுக் கியூவையே கொடுத்திருந்தார்கள். பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பஞ்சநதம் அதைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து, அத்தனை பேர் பார்க்க ஒடித்தார். சூர்யபிரகாஷ் உடைந்த துண்டைக்கூடப் பார்க்கவில்லை, அப்பாவையேதான் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினான். துண்டுகளை அடுப்பில் வைக்கத்தான் பஞ்சநதம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏனோ வைக்கவில்லை. பரணில் செருகிவிட்டார்.

அதன்பிறகு அவன் அம்மாவோடு மட்டும்தான் போனில் பேசினான். அவள் பேசும்போது பஞ்சநதம் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரிப்பதுபோலப் பாவனை செய்வார். போனிலிருந்து கசிகிற குரலில் என்ன கிடைக்கும். ஒருமுறை மானத்தை விட்டுப் போனை வாங்கி, "தம்பி, அப்பா பேசுறேன்" என்றார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு உறைத்தது அவருக்கு. தன் தப்புதான் என்று உள்ளே தெரிந்துவிட்டால் பிடிவாதக்காரனைப்போலத் தவிக்கிறவன் யாரும் கிடையாது. ஒரே ஒரு தடவை அவன் வாயால் 'யப்பா' என்று கேட்டுவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று வயல் வரப்பில் நின்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

இந்த ஐப்பசியில் செய்தி வந்தது. சூர்யபிரகாஷுக்கு மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் பூல் மேசைகளைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை. மூன்று வருட ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை மாலை திருச்சியிலிருந்து விமானம். ஞாயிற்றுக்கிழமை ஒரத்தநாட்டில் சித்தி வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனான். ஆலங்கரைக்கு எட்டே கிலோமீட்டர், வரவில்லை.

அம்சம் திரும்பி வந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அந்தக் கம்பு வைக்கிற பை கிழிஞ்சு போச்சுங்க. ஜிப்பே இல்ல, சணல் போட்டுக் கட்டிருக்கான். மெட்ராசு மழையில தண்ணி உள்ள எறங்கி, சட்டையாலயே தொடச்சித் தொடச்சி வைக்கிறான். ஈரம் பட்டா கம்பு வளைஞ்சிருமாம்."

பஞ்சநதம் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நல்ல தோலில், ஆயுசுக்கும் கிழியாத ஒரு உறை வாங்கி, விமானம் ஏறுவதற்குள் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் அவரால் நகர முடியவில்லை. அறுத்த குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே சாலையோரம் குவிந்து கிடந்தது. அங்கேயும் முறைதான். குவியல் போட்ட வரிசைப்படி கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது நிலத்தின் சிட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் அங்கே இருந்து கருவியில் விரல் ரேகை வைக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லையே எடுக்கமாட்டார்கள். ஒன்பது நாளாக அவரும் அம்சமும் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதும் நெல்லைக் காலால் கிளறிவிடுவதுமாகக் கிடந்தார்கள். புதன்கிழமை முறை வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. வியாழன் என்றார்கள், சாக்கு தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் இன்னும் பதினேழு குவியல் இருந்தது. எப்படியும் சனிக்கிழமைதான் என்று பில் கிளார்க் சொன்னார்.

"நீ பாத்துக்க அம்சம். சாயங்காலம் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சநதம் எட்டு மணிப் பஸ்ஸில் ஏறினார். கையில் ஒரு உரச்சாக்கு. அதற்குள் பரணிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகள். கியூவின் அளவு என்று அவருக்குத் தெரிந்தது அவர் ஒடித்தது ஒன்றுதான்.

தஞ்சாவூரில் விளையாட்டுச் சாமான் விற்கிற இரண்டு கடையில் கேட்டார். துணிப் பை காட்டினார்கள், பிளாஸ்டிக் குழாய் காட்டினார்கள். தோலில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றபோது, கீழவாசலில் ஜாஃபர் சாதிக் கடைக்குப் போங்கள் என்றார்கள். அதிராம்பட்டினத்துக்காரர். மிருதங்கத்துக்கு உறை, நாதஸ்வரத்துக்குப் பை என்று தைத்துக்கொண்டிருந்தவர், ஊரில் பூல் மேசைகள் வந்தபிறகு கல்லூரிப் பையன்களுக்கு அதற்கும் தைத்தார். பஞ்சநதம் போனபோது கடை அப்போதுதான் திறந்திருந்தது.

"ஒரே கம்பாண்ணே, இல்ல ரெண்டாக் கழட்டுறதா?" என்றார் ஜாஃபர்.

பஞ்சநதம் சாக்கை அவிழ்த்து, துண்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஜாஃபர் அவற்றை எடுத்து, சிலும்பு சிலும்பாக நின்ற முனைகளைத் தடவிப் பார்த்தார்.

"இது கழட்டுனது இல்லையேண்ணே. ஒடஞ்சதுல்ல."

"ஆமா பாய்."

"யாரு ஒடச்சா?"

"நாந்தான். எம்மவனோடது."

ஜாஃபர் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஞ்சநதம் கோபப்பட்டுக் கிளம்பியிருப்பார். கேட்காததனால் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தண்ணீர் முறையிலிருந்து அன்றைக்கு மாலை விமானம்வரை. அவர் வாழ்நாளில் அந்நிய மனுஷனிடம் அத்தனை பேசியதில்லை. பேசி முடித்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஜாஃபர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க" என்றார்.

"இத அளவா வச்சித் தச்சா உங்க மவனுக்கு ஆவாது. இப்ப அவரு வச்சிருக்குறது எப்புடி, தெரியுமா?"

தெரியாது. அம்சத்துக்குப் போன் போட்டார். "தோள்ல மாட்டுனா தொடை வரைக்கும்தான் வருது. உள்ள மூணு கம்பு பாத்தேன். ஒண்ணு தடிமனு, ரெண்டு சன்னம்" என்றாள். நாலு வருடமாகப் பிள்ளையைக் கண்ணால் பார்க்காதவருக்கு அந்தப் பையின் நீளமாவது கிடைத்தது. ஜாஃபருக்கு அது போதும். திருகிக் கழட்டுகிற கியூ, அடிக்கம்பு ஒன்று, மாற்றி மாற்றித் திருக நுனிக்கம்பு இரண்டு. மூன்று துளை உள்ள உறை வேண்டும்.

மூன்று உறைகளை எடுத்து வைத்தார். முதலாவது கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. பஞ்சநதம் அதன் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார், மேலே வழவழப்பு, உள்ளே துணி. "இது தோலு இல்லையே பாய்" என்றார். "இல்லதான். பசங்க கேக்குறாங்க, வச்சிருக்கேன்" என்று ஜாஃபர் அதைத் திரும்ப உள்ளே போட்டார்.

இரண்டாவது மாட்டுத் தோல், மெத்தென்று, தூக்க லேசாக இருந்தது. மூன்று துளையும் சரியாக இருந்தது. ஜிப் சுகமாக ஓடியது. பஞ்சநதம் வாசம் பிடித்துப் பார்த்தார், தோல்தான். வாரை மடித்து அழுத்திப் பிடித்து விட்டார். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நின்றது. வாரில் கொக்கி மாட்டுகிற துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"மாட்டுக்கு மணி கட்டுற வாரு நானே அறுத்துத் தச்சவன் பாய். மொத பிஞ்சி வர்றது தொளதான், அடுத்தது மடிப்பு. இது ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழையில பிஞ்சிரும்."

"மஸ்கட்டுல ஏதுண்ணே மழ" என்று ஜாஃபர் சிரித்தார். ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. மூன்றாவதை முன்னால் தள்ளினார்.

அது எருமைத் தோல். காப்பி நிறம், கனம். யாரோ ஒரு டாக்டருக்காகச் செய்தது, அவர் மாற்றலாகிப் போனதில் தங்கிவிட்டது. உள்ளே கெட்டியான குழாய், மேலே ஒற்றைத் தோலாகச் சுற்றி இரட்டைத் தையல் போட்டிருந்தார். ஜிப் கிடையாது, மூடியைக் கவிழ்த்துப் பித்தளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். வார் மாட்டுகிற வளையம் வருகிற இடத்தில் இன்னொரு தோல்துண்டு வைத்து ஆணி அடித்திருந்தது. பஞ்சநதம் நகத்தால் கீறினார், கோடு விழுந்தது. கட்டைவிரலால் தேய்த்தார், கோடு மறைந்தது. விரலைச் செம்புத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு வெகுநேரம் அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. இதுதான், இது பிள்ளையோடு இருக்கும், எங்கே போனாலும் இருக்கும் என்று தோன்றியது.

ஆனால் அதில் துளை இரண்டுதான். டாக்டர் ஒற்றை நுனிக்கம்புக்காரர்.

"இதவிடப் பெருசா ஒண்ணு இருந்தா குடுங்களேன். மூணையும் சேத்து உள்ள போட்டுக்கட்டும். கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா நல்லதுதான" என்றார் பஞ்சநதம். சாக்கென்றால் வாய் தைக்க இடம் விட்டுத்தானே நெல் பிடிக்க வேண்டும், வேறெப்படி யோசிப்பார் மனுஷன்.

"நெல்லு மூட்டை இல்லண்ணே இது. உள்ள ஆடவே கூடாது. ஆடுனா நுனியில ஒட்டிருக்குற சின்னத் தோலு நசுங்கும். அது நசுங்குனா பந்துல அடி சறுக்கும். உங்க மவன் பொழப்பே அந்த நுனியிலதான் இருக்கு." ஜாஃபர் உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உள்ள இருக்குற குழாய உருவிட்டு, மூணு சன்னக் குழாயா வச்சி, வெல்வெட்டு ஒட்டித் தரலாம். ஒன்ற மணி நேரம் ஆவும். அவசரம்னா இந்த மாட்டுத் தோலக் கொண்டுபோங்க, இது மட்டமில்ல."

பஞ்சநதம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. விமானம் ஐந்தே முக்காலுக்கு. "எருமத் தோலே பண்ணுங்க" என்றார்.

ஜாஃபர் குழாயை உருவி, பசை தடவி, அடிப்பாகத்தில் பஞ்சுவட்டை வைத்துக்கொண்டிருந்தபோது அம்சம் கூப்பிட்டாள். மணி பன்னிரண்டு ஆகவில்லை.

"ஏங்க, சீக்கிரம் வாங்க. மேகம் கட்டுனதுல எல்லாக் குவியல்லயும் ஈரம் ஏறிப்போச்சாம். மிஷின வச்சி வச்சிப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா ஒதுக்கிக்கிட்டே வர்றாங்க. நம்முளுது பதினாறுதான் காட்டுது. நம்ம முறை வந்துருச்சுங்க. ஒரு மணி வரைக்கும் நிறுத்திவைக்கிறேன், அதுக்குள்ள வந்து வெரல வச்சாத்தான்னு கிளார்க்கு சொல்றாரு."

பஞ்சநதம் எழுந்துவிட்டார். கால் தானாக எழுந்தது, முப்பத்தைந்து வருடப் பழக்கம். இப்போது ஓடிப்போய்ப் பஸ் ஏறினால் ஒரு மணிக்கு ரேகை வைத்துவிடலாம். நாலு மாத உழைப்பு சாக்கில் ஏறிவிடும். ஆனால் எடை போட்டு முடித்து, அங்கிருந்து திருச்சிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை வானத்தில் இருப்பான். மூன்று வருடம். தனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. கடை வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மேற்கே பார்த்தால் வானம் வெளுப்பாக இருந்தது, தெற்கே ஊர்ப்பக்கம் மை கொட்டிக் கிடந்தது.

"என்னண்ணே?" என்றார் ஜாஃபர்.

"ஒண்ணுமில்ல பாய். நீங்க தைங்க." பிறகு போனில், "நம்ம முறைய வுட்டுரு அம்சம்" என்றார்.

இருபத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது.

"தார்ப்பாய நல்லா இழுத்துக் கட்டு. மூலையில கல்ல வை. நான் தம்பியப் பாத்துட்டு வந்துர்றேன்."

"சரிங்க" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வேலை முடிந்தது. பஞ்சநதம் பேரம் பேசாமல் கொடுத்தார். உரச்சாக்கையும் துண்டுகளையும் என்ன செய்ய என்று ஜாஃபர் கேட்டார். தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, உறையைக் கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

பஸ் செங்கிப்பட்டியைத் தாண்டும்போது அம்சம் மறுபடி கூப்பிட்டாள். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. நல்ல மழை, காற்றும் சேர்ந்துகொண்டது, தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, அடியில் தண்ணீர் ஓடுகிறது, பக்கத்துக் குவியல்காரர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் "நீ நனையாத" என்றார். என்ன பேச்சு அது. சொன்ன பிறகு அவருக்கே அழுகை வந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் பார்க்கிறாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருச்சியில் பால்பண்ணை நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார். விமான நிலைய வாசலில் மணி மூன்று பத்து. டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று துப்பாக்கி வைத்திருந்த வடநாட்டுக் காவலர் கையைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளுமாக நீள வரிசை. பஞ்சநதம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினார். காவலர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றார், பிறகு மறுபடியும் ஒட்டினார். எத்தனை பேர் காலில் விழச் சொன்னாலும் அப்போது விழுந்திருப்பார். "ஐயா, எம்புள்ள உள்ள இருக்கான். இத மட்டும் குடுத்துட்டுப் போயிர்றேன்" என்று அவர் சொன்ன தமிழ் அந்தக் காவலருக்குப் புரிந்ததோ இல்லையோ, முகம் புரிந்திருக்க வேண்டும். போன் பண்ணி வெளியே வரச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார்.

போன் பண்ணினால் எடுக்கமாட்டானே. பஞ்சநதம் அம்சத்தைக் கூப்பிட்டார். கொட்டுகிற மழையில் தார்ப்பாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் மகனைக் கூப்பிட்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. சூர்யபிரகாஷ் வரிசையை விட்டு வந்தான். மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான். தோளில் சணல் கட்டிய அந்தப் பை தொங்கியது. வாசல் கம்பிக்கு உள்ளே நின்றான், வெளியே வரவில்லை. பஞ்சநதம் உறையை நீட்டினார். காவலர் அதை வாங்கி மூடியைத் திறந்து, மூன்று துளையிலும் எட்டிப் பார்த்து, உள்ளே கொடுத்தார்.

பிள்ளை கீழே குந்தி உட்கார்ந்து சணலை அவிழ்த்தான். ஒவ்வொரு கம்பாக எடுத்துச் சட்டையில் துடைத்து உள்ளே இறக்கினான். மூன்றும் அளவாக இறங்கின. மூடியைப் போட்டு, உறையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான், சத்தமே இல்லை. தையலை விரலால் தடவினான்.

"நல்ல தோலு" என்றான். "யாரு பாத்து எடுத்தா?"

"நாந்தான். எருமத் தோலு. பிஞ்சி வராது."

அவன் எழுந்தான். "அம்மா சொல்லுச்சு. அங்க நெல்லு நனையிதாம்ல. முறைய விட்டுட்டா வந்தீங்க?"

வந்தீங்க என்றான். வீட்டுக்கு வருகிற அதிகாரியிடம் பேசுவதுபோல, மரியாதையாக.

"நெல்லு கெடந்துட்டுப் போவுது தம்பி" என்றார் பஞ்சநதம். "அன்னைக்கும் அப்புடித்தான் சொல்லிருக்கணும். சொல்லாம உட்டுட்டேன்."

சூர்யபிரகாஷ் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பஞ்சநதம் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வாயையே பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குடும்பம் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து வழி கேட்டது, காவலர் இருவரையும் ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கி நின்று நிமிர்வதற்குள் அவன் முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"இருட்டுறதுக்குள்ள போங்க. அம்மா தனியா நிக்குது" என்றான். உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். திரும்பிப் பார்ப்பான் என்று பஞ்சநதம் காத்திருந்தார். வரிசை நகர்ந்தது, வளைந்தது, அவன் தலை மறைந்தது. அதன்பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்றார். காவலர் இந்த முறை விரட்டவில்லை.

அம்சம் கூப்பிட்டபோது மழை விட்டிருந்தது போலிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்டது. அடி நெல்லெல்லாம் ஊறிவிட்டது, இனி காயவைத்தாலும் நிறம் மாறிவிடும், கொள்முதலில் எடுக்கமாட்டார்கள் என்று பக்கத்தில் சொல்கிறார்கள் என்றாள்.

"தம்பியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டான். நல்ல தோலுன்னு சொன்னான்."

"யப்பான்னு கூப்புட்டானா?"

பஞ்சநதம் கண்ணாடிக்குள் பார்த்தார். வரிசை நின்ற இடம் காலியாக இருந்தது, யாரோ தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தெப்பமாக நனைந்து, நெல்லுக்கு நடுவில், போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"கூப்புட்டான்" என்றார்.

அம்சம் அழுதாள், சிரிக்கவும் செய்தாள். "அது போதுங்க. நெல்லு போனாப் போவுது" என்றாள்.